கிண்ணியில் மிஞ்சிய எங்கள் மண்

ஒரே ஒரு கையெழுத்து வாங்கத்தான் சென்னைக்குப் போனேன். ஐந்து நாள் பயணம். கையெழுத்துக்கு ஒரு நிமிடம், மீதி நேரமெல்லாம் தியாகராய நகரில் சேலைக்கு என்பது என் திட்டம். கடைசியில் சேலையும் வாங்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. ஒரு பீங்கான் கிண்ணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கையெழுத்துப் போடவேண்டியவள் என் தங்கை மல்லிகா. மலேசியாவிலிருந்து பல் மருத்துவம் படிக்கப் போனவள், பாலுவைக் கட்டிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்திலேயே தங்கிவிட்டாள். நான் தெலுக் இந்தான் பக்கத்தில், அப்பா விட்டுப்போன எட்டு ஏக்கர் செம்பனைக் காட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பாமாயில் எடுக்கிற மரம்தான் செம்பனை. நிலப் பத்திரத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

மரங்களுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. குலை பறிக்கக் கோல் எட்டுவதில்லை. வெட்டிவிட்டுப் புதிதாக நட வேண்டும். அந்த நேரம் பார்த்து எண்ணெய் ஆலைக்காரர்கள் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். இனி எங்கள் எண்ணெய் சமையலுக்குப் போகாது, டீசலில் கலக்கப் போகும். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் கெடுத்த காற்றை எங்கள் மரம் சரிசெய்யும். காற்றில் இருக்கிற கார்பன் என்கிற கரியை இழுத்து மண்ணில் சேர்த்துவைக்கும். இதற்கு ஒரு பச்சைச் சான்றிதழும் உண்டு. ஆனால் சதுப்பு நிலம் என்பதால் வடிகாலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்றார்கள்.

எங்கள் நிலம் வடிகாலின் வாய்ப்பகுதியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒப்புக்கொள்ளாமல் பின்னால் இருக்கிற முப்பது குடும்பத்துத் தண்ணீர் முழுதாக வடியாது. சிறு தோட்டக்காரர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆலைக்காரர் சொன்னதை மண்டபத்தில் மேடையேறி, அவரைவிடப் பெரிய குரலில் சொன்னவள் நான்தான். நம் மரம் உலகத்துக்கே மூச்சு விட உதவுகிறது என்று நான் சொன்னபோது கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மல்லிகா மட்டும் போனில் இழுத்தாள். "இங்க எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க மண்ணு ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம மண்ணைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வா. அவங்க பாக்கட்டும், அப்புறம் போடறேன்" என்றாள். மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தனி அனுமதிக் கடிதம் வேண்டும். அதை அந்த ஆராய்ச்சியாளரே அனுப்பிவைத்தார். பிஸ்கட் டின் ஒன்றில் கறுப்பு மண்ணை அடைத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தச் சிறிய வேலைக்கு இத்தனை சடங்கா என்று எனக்கு எரிச்சல்தான்.

மல்லிகா வீட்டு வாசலில் கால் வைத்ததும் விழப்பார்த்தேன். வீட்டுக்குள் போக மூன்று படி இறங்க வேண்டியிருந்தது. போன தடவை வந்தபோது ஒரு படி ஏறிப் போனதாக ஞாபகம்.

"வீடு புதைஞ்சு போச்சா தம்பி?" என்று பாலுவிடம் கேட்டேன்.

"வீடு அப்படியேதான் இருக்குக்கா. ரோடுதான் ஏறிடுச்சு. பழைய தாரைப் பேக்காம அது மேலயே புதுசா போட்டுட்டுப் போறாங்க. ஒவ்வொரு தடவையும் நாம ஒரு படி கீழ போயிடறோம். மழை வந்தா தண்ணி நேரா நம்ம ஹாலுக்குத்தான் வருது."

பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. கூட்டிப்போய்க் காட்டினார். லாரிக்கு டயர் மாற்றுகிற அதே மாதிரி ஜாக்கிகள், சுவரடியில் வரிசையாக நூற்றுக்கணக்கில். மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்க, மொத்த வீடும் அந்தரத்தில் நின்றது.

"எங்க ஊர்ல நேர் மாறு" என்று பெருமையாகச் சொன்னேன். எங்கள் பகுதியில் வீடுகளை ஆழமாக மரத்தூண் இறக்கித்தான் கட்டுவார்கள். அப்பா கட்டியபோது இரண்டு படி. இப்போது ஏழு படி. சில வருடத்துக்கு ஒருமுறை கடைசிப் படிக்குக் கீழே கால் எட்டாமல் போகும். அன்றைக்குப் புதுப் படி கட்டுவோம். அதில் மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து, பாயசம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். வீடு உயர்ந்துவிட்டது என்று வாழ்த்துவார்கள். ஏழு படி வீடு என்றால் எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மதிப்பு. நாலு படி வீட்டில் பெண் எடுக்க யோசித்தவர்களும் உண்டு. பாலு சிரித்துக்கொண்டே கேட்டார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ யோசித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மல்லிகா என்னை நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கக் கூட்டிப்போனாள். கடற்கரைச் சாலையோரம் பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் மீனை ஐஸில் புதைத்து வைத்திருப்பார்கள், கண்ணைப் பார்க்க முடியாது. இங்கே மீன் நம்மைப் பார்க்கிறது.

"இன்னாமா பாத்துக்கினே நிக்கற? வஞ்சரம் கீது, சங்கரா கீது. எது வோணும் சொல்லு" என்றாள் ஒருத்தி. பக்கத்திலேயே அவள் மகள் வாணலியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வாங்கித் தின்றோம். மிளகாய் காரம் உச்சந்தலையில் ஏறியது. எங்கள் ஊர் மிளகாய்த் துவையலான சம்பல் இதற்கு முன்னால் குழந்தை.

என்ன எண்ணெய் என்று கேட்டேன். "பாமாயிலுதான். ரேஷன்ல போடறாங்கோ" என்றாள் மகள்.

அது எங்கள் ஊரிலிருந்து வருவதாக இருக்கலாம் என்றேன். அவள் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்ளோ தூரத்துலேர்ந்தா? அங்க மெய்யாலுமே மரத்துலேர்ந்து எடுக்கறாங்களா? நான் ஏதோ மிஷின்ல செய்றாங்கோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இனிமேல் அது சமையலுக்கு வராது, வண்டிக்குப் போகும், காற்று சுத்தமாகும் என்று மேடைப் பேச்சை அவிழ்த்துவிட்டேன். தாய்க்காரி மீனை வெட்டியபடியே கேட்டாள்.

"வண்டிக்கு ஊத்திட்டா நாங்க எதுல மீனு வறுக்கறது? அது இருக்கட்டும். காத்து சுத்தமானா கடலு வராம நிக்குமா? எங்க வூட்டாண்ட வந்துக்கினே கீது. போன வர்சம் எங்க படகு நின்ன எடத்துல இப்ப அலை கீது."

நிற்கும் என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மொட்டைமாடியில் ஒரு கலவரம். பாலுவுக்கு மாடித் தோட்டப் பைத்தியம். தொட்டிகளில் தக்காளி, கத்தரி, கொத்தவரை எல்லாம் வளர்க்கிறார். வாடை அடிக்கிறதே என்று நான் டின்னைத் திறந்து முந்தின நாளே மாடியில் வெயிலில் வைத்திருந்தேன். கறுப்பாக, பஞ்சு மாதிரி இருந்ததைப் பார்த்து, அவருக்காக நான் கொண்டுவந்த மக்கிய உரம் என்று நினைத்து, மூன்று தக்காளித் தொட்டியில் கொட்டிவிட்டார்.

"நல்ல தேங்காய்நார்க் கழிவு மாதிரி இருந்துச்சுக்கா. நீங்க ஏதோ மலேசியா உரம் கொண்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு, தண்ணி ஊத்தினா உள்ள இறங்கவே மாட்டேங்குது. அப்படியே உருண்டு ஓடுது."

மல்லிகா போனில் ஆராய்ச்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். அனுமதிக் கடிதத்தோடு வந்த மண்ணைத் தொட்டியில் போடுவதா, ஒரு துகள் விடாமல் சுரண்டி எடுத்துத் தனியே வையுங்கள் என்று பாலுவுக்குச் செம டோஸ் விழுந்தது. டின்னில் மீதி பாதிக்கு மேல் இருந்ததால் தப்பித்தோம். அன்று மாலை முழுக்க வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் டீஸ்பூனால் தக்காளித் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அடையாறுக்குப் போக வேண்டும். அதற்கு முன் தியாகராய நகர் போய்ச் சேலை எடுத்துவிடலாம் என்று பாலுவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். முந்தின இரவு நல்ல மழை. மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் பாதிச் சாலையைத் தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள். இடது பக்கம் போக நினைத்தால் வலது பக்கம் அனுப்புகிறார்கள். இந்தச் சுற்றில் இரண்டு முறை ஒரே பூக்கடையைத் தாண்டினோம். மூன்றாம் முறை பூக்கடை வாசலிலேயே ஸ்கூட்டர் இருமி, விக்கி, நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு போனோம். சந்து முனையில் ஒரு மெக்கானிக். டேங்கைத் திறந்து மோந்து பார்த்தார்.

"சரக்கு அடிச்சிட்டு மட்டையாயிடுச்சு சார் உன் வண்டி."

"என்னப்பா சொல்றே?"

"மெய்யாலும்தான் சார். இப்ப பெட்ரோல்ல சாராயம் கலந்துதான வருது. அதுல மழைத்தண்ணி கொஞ்சம் எறங்கினா போதும், ரெண்டும் சேந்துக்கினு கீழ போய்க் குந்திக்கும். வாரத்துல நாலு வண்டி இப்டி வருது."

அந்தச் சாராயம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கரும்பு, மக்காச்சோளம், அரிசி என்று பாலு சொன்னார். அரிசியா என்று திரும்பக் கேட்டேன். ஆமாம், அரிசிதான் என்றார். வண்டி அரிசியைக் குடிக்கிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் என் எண்ணெய் வண்டிக்குப் போவது மட்டும் எப்படிச் சரி என்று அந்த மெக்கானிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. டேங்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சேலைக்கு நேரமில்லாமல் போயிற்று. ஆட்டோ பிடித்து நேராக அடையாறு போனோம். மல்லிகா தன் மருத்துவமனையிலிருந்து அங்கே வந்து காத்திருந்தாள்.

ஆராய்ச்சியாளர் பெயர் ஷமீமா. ராயப்பேட்டையில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவருடைய அப்பாவுக்குத் தோல் வியாபாரம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் காலை நடைக்குப் போகிற கூட்டத்தில் மல்லிகாவுக்குப் பழக்கம். ஒல்லியான பெண்மணி, பேச்சில் அவசரம் இல்லை. என் டின்னை வாங்கி மண்ணை விரலால் நசுக்கினார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்ளோ ஆழத்துல எடுத்தீங்கக்கா?"

"ஒரு முழம். மேலே எடுத்தா வேர்தான் வரும்."

இரண்டு சின்னப் பீங்கான் கிண்ணிகள். மாடி வெயிலில் உலர்ந்திருந்த எங்கள் மண் ஒன்றில் தலை தட்ட. அடையாற்றுக் கரையில் எடுத்த மணல் கலந்த மண் இன்னொன்றில் அதே அளவு. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தி எழுதிக்கொண்டார். இரண்டையும் ஓர் இரும்பு உலைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மண்ணில் எரியக்கூடியது எவ்வளவு, எரியாதது எவ்வளவு என்று பார்க்கிற முறையாம் இது.

"எங்க ஊர் மண்ணு எரியும்மா. காய்ஞ்ச காலத்துல தானா பத்திக்கும். அந்தப் புகையில பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவாங்க" என்றேன். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் தலையாட்டினார். நான்கு மணி நேரம் ஆகும், சாப்பிட்டு வாருங்கள் என்றார்.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம். வாழையிலையில் சாம்பார், வத்தக்குழம்பு, கீரைக் கூட்டு. எங்கள் ஊர் வாழையிலைச் சாப்பாட்டில் கோழியோ நண்டோ இல்லாமல் பில் போட மாட்டார்கள். இங்கே ஒரு கீரையை வைத்தே ஆளைச் சாய்த்துவிடுகிறார்கள். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்தேன். அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் நினைவிருப்பதற்குக் காரணம், அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

நாங்கள் திரும்பியபோது ஷமீமா கிண்ணிகளை எடுத்து ஆற வைத்திருந்தார். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அடையாற்று மண் அப்படியே இருந்தது. கொஞ்சம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் கிண்ணியை எட்டிப் பார்த்தேன். காலி. தப்பான கிண்ணியைக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோதுதான் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நெற்றியில் ஒருமுறை இட்டுக்கொள்ளக் காணாத அளவுக்கு வெளுத்த சாம்பல்.

"மீதி எங்கே?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. மண் எரியும் என்று சொன்னவளே நான்தான். எரியும் என்று தெரிவது வேறு, ஒன்றுமே மிஞ்சாது என்று கண்ணால் பார்ப்பது வேறாக இருந்தது. அப்பா எட்டு ஏக்கர் விட்டுப்போனார் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"காத்துலக்கா" என்றார் ஷமீமா. "உங்களுது மண்ணே இல்ல. செத்த செடி, இலை, வேர் எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமா தண்ணிக்குள்ள மக்காம படிஞ்சு கிடக்கு. முழுக்கக் கரிதான். ஒண்ணு கேக்கணும். உங்க நிலம் எவ்ளோ எறங்கியிருக்குன்னு யாராவது அளந்து வச்சிருக்காங்களா?"

"அளக்கலே. ஏன் எறங்கணும்?"

மல்லிகா மெதுவாக, "படியைச் சொல்லுக்கா" என்றாள்.

சொன்னேன். ஷமீமா ஒரு தாளை எடுத்து வரையத் தொடங்கினார். முதல் இரண்டு படி அப்பா கட்டியது. மூன்றாவது மல்லிகா இந்தியாவுக்குப் படிக்கப் போன வருடம். நான்காவது என் கல்யாணத்துக்கு. ஐந்தாவது பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருடம். நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு கணக்கு எந்த ஆராய்ச்சிக்காரரிடமும் இருக்காது என்றார். ஏழாவது படியில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீடு ஒசரல அக்கா. தூண் கீழ களிமண்ணுல நிக்குது, அதனால வீடு எறங்கல. நிலம்தான் எறங்கியிருக்கு. இந்த அஞ்சு படி ஒசரத்துக்கு உங்க எட்டு ஏக்கர் பூரா மண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல."

"அமுங்கிப் போச்சு. வண்டி ஓடுது, ஆளு நடக்கறோம்."

"கொஞ்சம் அமுங்கியிருக்கும். மீதி?" என்று கிண்ணியைப் பார்த்தார்.

"நாங்க எங்க நிலத்துல தீயே வச்சதில்லே."

"வேண்டியதில்லக்கா. தண்ணிய வடிச்சா போதும். ஊறுகா எண்ணெய்க்குள்ள முங்கியிருந்தா கெடாது. எண்ணெய் எறங்கி மேல காத்துப் பட்டா?"

பூசணம் பிடிக்கும். எனக்கு அது புரிய இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா முதல் வாய்க்கால் வெட்டிய நாளிலிருந்து எங்கள் நிலம் புகையில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு படிக்கும் பாயசம் காய்ச்சி ஊருக்குக் கொடுத்திருக்கிறோம்.

விடாமல் மல்லுக்கு நின்றேன். "மரம் காத்துல இருக்கற கரியை இழுக்குதே. அது பொய்யா?"

"இழுக்குது. அது பொய் இல்ல. ஆனா இருபத்தஞ்சு வருஷத்துல மரத்த வெட்டிப் போட்டுடறீங்க, மக்கிப் போயிடுது. எண்ணெய எரிச்சுடறாங்க. மரம் ஒரு கையால குடுக்கறத, அடியில இருக்கற மண்ணு ரெண்டு கையாலயும் எடுத்து வெளிய விட்டுக்கிட்டே இருக்கு. இந்த மாதிரி நிலத்துல அது ஈடாகறதுக்குள்ள நம்ம பேரன் பேத்தி காலமே முடிஞ்சிடும்."

"அப்ப எரிபொருளுக்குன்னு பயிர் வைக்கறது எல்லாமே தப்பா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். தரிசாகப் போன நிலம், உவர் ஏறிய நிலம், காடோ மேய்ச்சலோ இல்லாத இடம் என்றால், ஆழமாக வேர் விடும் புல்லும் மூங்கிலும் வருடா வருடம் கொஞ்சம் கரியை மண்ணுக்குள் கொண்டுபோய் வைக்கும். உழாமல் விட்டால் அது அங்கேயே தங்கும். எதை நடுகிறோம் என்பதைவிட எங்கே நடுகிறோம், அதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றார். எங்கள் ஆலைக்காரர் அதைக் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

வடிகாலை இன்னும் ஆழப்படுத்தினால் என்ன ஆகும் என்று மல்லிகா கேட்டாள்.

"இன்னும் வேகமாப் போகும். ஆத்து மட்டத்துக்குக் கீழ நிலம் எறங்கிட்டா அப்புறம் எந்த வாய்க்காலும் தண்ணிய வெளிய கொண்டு போகாது. ஆறு உள்ள வரும். இப்பவே வெள்ளம் வருதுன்னு சொன்னீங்களே."

வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை மேலே ஏற்றினால் மிச்சம் இருக்கிறதாவது நிற்கும் என்றார். ஈரத்திலேயே வளர்கிற மரம் உங்கள் நாட்டில் இருக்கிறதே என்று ரும்பியாவைச் சொன்னார். சவ்வரிசி மாவு எடுக்கிற மரம். அதை எங்கள் பக்கம் வேலியோரத்தில் வாத்துக்கு நிழலாக விட்டிருப்போம். முப்பது குடும்பம் அதை நம்பி அடுப்பு மூட்டுமா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதுக்கா என்றார். அதைச் சொன்னதற்காகவே அவர் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். மல்லிகா ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"நான் இங்க இருக்கேன். அந்த நிலத்துல வாழறது நீ. உன் சோறு அது. நீ போடச் சொன்னா கேள்வி கேக்காம போடறேன்க்கா" என்றாள்.

இரவு முழுக்க யோசிக்க ஒன்றுமில்லை. போடச் சொன்னால் இன்னும் சில வருடம் நன்றாக ஓடும். சங்கத்தில் என் பெயரும் கெடாது. நான் தாளை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலை அமுக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் மல்லிகாவோடு பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நடக்கப் போனேன். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் வேர்க்க வேர்க்க நடந்தார்கள். ஒரு பெரியவர் இன்னொருவரிடம், "நேத்து சுகர் எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே கடந்தார். மணலில் ஓரமாக நின்று முனியாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. அங்கே அப்போது நன்றாக விடிந்து வேலை தொடங்கியிருக்கும்.

"ஆ, தங்கச்சி. கையெழுத்து வாங்கியாச்சா?"

"வாங்கலே அண்ணே. மல்லிகா போடறேன்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் கிண்ணியைப் பற்றிச் சொன்னேன். படியைப் பற்றிச் சொன்னேன். ஆலைக்காரர் சொன்னதும் அதை மண்டபத்தில் நான் சொன்னதும் தப்பு என்றேன். அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம் அண்ணே?"

"மண்வாரிதான். நீ போனா வாங்காம வரமாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்லா. எதுக்குக் காத்துக் கெடக்கணும்னு முந்தாநாளே என் காட்டுலேருந்து ஆரம்பிச்சிட்டோம். ஒன் எல்லை வரைக்கும் வந்தாச்சு. தண்ணி என்னமா எறங்குது தெரியுமா? நல்ல தேத்தண்ணி நெறம். ஒரே நாள்ல காலு புதையாம நடக்கறோம்."

"நிறுத்தச் சொல்லுங்க அண்ணே. இப்பவே. வெட்டின வரைக்கும் மண்ணு மூட்டை போட்டு அடைக்கச் சொல்லுங்க."

"யாரு சொன்னாங்கன்னு சொல்றது? இங்க இருபது பேரு நிக்கறாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"வெட்டச் சொன்னதும் நீதானே தங்கச்சி" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன். செயலாளருக்கு விஷயம் தெரியாம போச்சுன்னு சொல்லுங்க. நான் வந்து மண்டபத்துல, அதே மேடையில ஏறிச் சொல்றேன்."

அவர் போனைக் கையில் பிடித்தபடியே யாரையோ கூப்பிட்டார். எதிர்த்து நாலைந்து குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இயந்திரச் சத்தம் நின்றது. முனியாண்டி அண்ணன் மறுபடியும் போனுக்கு வந்தார்.

"நிறுத்தியாச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. என் பழைய மரத்தை எல்லாம் போன வாரமே சாய்ச்சாச்சு, ஒனக்குத் தெரியும். இனிமே நான் எதை நடறது, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். அவர் போனை வைக்காமல் இன்னும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டே இருந்தார்.